காரணம்: தகராறு

ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருபத்தொரு வருஷமாகத் துணி மடித்துவந்த அந்த அம்மாளுக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள், இரண்டு அர்த்தத்தையும் மனதில் வைத்துத்தான் வைத்தார்கள். வார்த்தைகள் தெரிந்தவள் என்பது ஒன்று. தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அலட்டுகிறவள் என்பது இன்னொன்று. முதலாவதை முகத்துக்கு நேரே சொன்னார்கள், இரண்டாவதை முதுகுக்குப் பின்னால். அவள் இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா கோர்ட்டில் நகல் எடுக்கிற குமாஸ்தா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், மகளைக் கூப்பிட்டு ஒரு விளையாட்டு ஆடுவார். அவர் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று அவள் சொல்ல வேண்டும். அசல், நகல், வாரிசு, ஜாமீன், ரத்து. "இதெல்லாம் அரபியில பொறந்து, பாரசீகத்துல வளந்து, நம்மகிட்ட வந்து குடித்தனம் பண்ற வார்த்தைங்க" என்று அவர் சொல்வது அவளுக்குக் கதை போல இருக்கும். பள்ளிப்படிப்போடு அவள் நின்றுபோனாள். அப்பா போனார், கல்யாணம் ஆனது, மடிப்பு அறைக்கு வேலைக்கு வந்தாள். அந்த வார்த்தைகள் மட்டும் கூடவே வந்தன. மேலே வார்டுக்குப் போக நேர்ந்தால், எந்த நாட்டு நோயாளியாக இருந்தாலும், பக்கத்தில் நின்று இரண்டு சொல்லைப் பிடித்து, "தண்ணி கேக்கறாரு", "ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு" என்று எடுத்துவிடுவாள். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதி யாருக்கும் தெரியாது. அதனால் அவள் பெயர் கெடாமல் நின்றது.

அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். "உனக்கு நாப்பது பாஷையில அரைப் பாஷை தெரியும்" என்பார். அதையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த நிலவறையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். நடுவில் ஒரு சுவர். சுவருக்குள்ளேயே ஆறு சலவை இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள். அந்தப் பக்கத்துக் கதவு வழியாக அழுக்குத் துணி உள்ளே போகும். இந்தப் பக்கத்துக் கதவு வழியாகச் சுத்தமாகி வெளியே வரும். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காது. அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் வர வேண்டுமென்றால் குளித்து உடை மாற்ற வேண்டும். அழுக்குப் பக்கத்தில் ரத்தமும் மலமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அங்கே நிரந்தர வேலை யாருக்கும் கிடையாது. தற்காலிகமாக வருவார்கள், போவார்கள். சுத்தப் பக்கத்தில் நீள மேசைகள், அடியில் விளக்கு எரிகிற ஒரு கண்ணாடி மேசை. துணியை அதன்மேல் விரித்தால் ஊசி போன இடம்கூடப் பளிச்சென்று தெரியும். ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது டாக்டர்கள் அறுவை அறையில் போட்டுக்கொள்கிற அங்கியை மடிப்பது. உள்பக்கம் வெளியே தெரிய வேண்டும், வெளிப்பக்கம் உள்ளே ஒளிந்திருக்க வேண்டும். கைகள் இரண்டும் உள்ளுக்குள் போக வேண்டும், நாடாக்கள் சிக்காமல் சுருக்குப் போட்டிருக்க வேண்டும், கழுத்து மேலே வர வேண்டும். டாக்டர் கழுவிய கையால் கழுத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினால், அங்கி தானாக விரிந்து நிற்கும், வெளிப்பக்கத்தில் விரல்கூடப் படாது. மொத்தம் பதினான்கு அசைவு. அகராதிக்கு அது இருபது நொடி வேலை. புதிதாக வருகிறவர்களுக்குப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றும்.

அந்த அறைக்குத்தான் அவர் வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது, நரைத்த மீசை, தேய்த்த சட்டை, எல்லாப் பொத்தானும் கழுத்துவரை. வேறு தேசத்தவர், தாய்மொழி பாரசீகம். நம் பாஷையில் 'வணக்கம்', 'நன்றி', 'சரி' மூன்றும் தெரியும். மூன்று மாதத்துக்குள் அங்கி மடிக்கக் கற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மடிப்பு அறையில் அவரைப் 'புதியவர்' என்றார்கள்.

பாரசீகம் என்று காதில் விழுந்ததும் அகராதிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் விளையாட்டு இத்தனை வருஷம் கழித்து ஆள் உருவில் வந்து எதிரே நிற்கிறது! சூப்பர்வைசரிடம் தானே போய், "சார், அவரை என் மேசைக்கு விடுங்க, அவர் பாஷை எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தெரியும் சார்."

முதல் வாரம் அவள் சொன்னதை யாரும் பொய் என்று சொல்லியிருக்க முடியாது. அவர் கூடையைக் காட்டி "காலி?" என்றார். "ஆமா, காலி!" என்றாள். மடித்த அடுக்கைக் காட்டி "ஹாஸிர்?" என்றார். 'ஆஜர்' என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. "ஆஜர், ஆஜர்!" என்று தலையாட்டி வண்டியில் ஏற்றச் சொன்னாள். அவர் ஏதோ கேட்டுவிட்டு "ஜவாப்?" என்றபோது, பதில் கேட்கிறார் என்று புரிந்து, பதில் தெரியாவிட்டாலும் சிரித்தாள். பக்கத்து மேசையில் மடிக்கிற நெட்டை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, நெஜமாவே பேசுறியே!"

"எல்லாம் நம்ம வார்த்தைதான்டி. அங்கேர்ந்துதான் வந்துச்சு. காது இருக்கணும், அவ்வளவுதான்."

இரண்டாவது வாரம் அங்கிக்கு வந்தார்கள்.

அகராதி ஓர் அங்கியை விரித்தாள், திருப்பினாள், சரசரவென்று மடித்தாள், தட்டி வைத்தாள். இருபது நொடி. பெருமையாக நிமிர்ந்தாள். புதியவர் மேசையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு விரலை உயர்த்தி, மரியாதையாகச் சொன்னார்:

"தக்ரார்."

அவள் காதில் அது தெளிவாக விழுந்தது. ஆனால் விழுந்தது தகராறு.

"என்ன தகராறு? யாரு பண்ணா தகராறு?"

அவர் முகம் மலர்ந்தது. தன் சொல் புரிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. "தக்ரார், தக்ரார்" என்று தலையாட்டினார். விரல் அப்படியே நின்றது.

அவள் இன்னும் வேகமாக இன்னோர் அங்கியை மடித்துப் பட்டென்று வைத்தாள். மறுபடியும் விரல், மறுபடியும் அதே சொல், கொஞ்சம் உரக்க.

நெட்டை இந்தப் பக்கம் சாய்ந்தாள். "என்னடி சொல்றாரு?"

"தகராறு பண்ணுவாராம்."

"சிரிச்சுக்கிட்டே சொல்றாரேடி?"

"அதான் பயமா இருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னதை நினைத்து அவள் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். இருபத்தொரு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை.

மூன்று நாள் இப்படியே போயிற்று. அவள் மடிப்பாள், அவர் விரலைத் தூக்குவார், இவளுக்குச் சுர்ரென்று ஏறும், இன்னும் வேகமாக மடிப்பாள். வேகம் கூடக் கூட அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததால் இன்னும் அதிகமாக அந்தச் சொல்லைச் சொன்னார். நாலாவது நாள், அவள் மடிக்கும்போதே அவர் குறுக்கே கையை நீட்டி அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக, "தக்... ரார்" என்றார்.

"விடுங்க!"

அவள் இழுத்தாள். நாடா தைத்த இடத்தில் துணி டர்ரென்று கிழிந்தது. அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சூப்பர்வைசர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பவர், அவ்வளவுதான். "என்ன நடக்குது இங்க?"

புதியவர் பதறிப்போய், அங்கியைக் காட்டி, தன் கையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, ஏதேதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அதில் மூன்று தடவை அந்தச் சொல் வந்தது.

"என்ன சொல்றாரு?" என்று சூப்பர்வைசர் அகராதியைக் கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த மொழிபெயர்ப்பாளரின் எண்ணைப் பார்த்துக்கொண்டே, "போன் போட்டுக் கூப்பிடட்டுமா? மேல வார்டுலதான் இருப்பாரு, அரை மணியில வந்துடுவாரு" என்றும் சொன்னார்.

அரை மணி நேரம் என்ன பெரிய விஷயம்! ஆனால் நெட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மேசையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பாஷை எனக்குத் தெரியும் என்று தானே போய்ச் சொன்ன வாய் அது.

"வேண்டாம் சார். எனக்குப் புரியுது. இங்க தகராறு பண்ணுவேன்னு சொல்றாரு. திரும்பத் திரும்பப் பண்ணுவேங்கறாரு."

அந்தத் 'திரும்பத் திரும்ப' எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பேச்சுக்கு அழுத்தமாக இருக்கட்டும் என்று சேர்த்தாள்.

படிவம் வந்தது. 'சுத்தப் பக்கத்துக்குத் தகுதியில்லை' என்று அச்சடித்திருந்த வரிக்கு நேரே ஒரு கட்டம். கீழே 'காரணம்' என்று ஒரு கோடு. சாட்சி சொன்னவரே எழுத வேண்டும். அகராதி தன் அழகான கையெழுத்தில், அப்பா சொல்லிக்கொடுத்த வளைவுகளோடு, 'தகராறு' என்று எழுதினாள். புதியவரிடம் பேனாவை நீட்டி, காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினாள். அவர் வலமிருந்து இடமாக, முத்து கோர்த்தாற்போல் கையெழுத்திட்டார். போட்டுவிட்டு "நன்றி" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் சுவருக்கு அந்தப் பக்கம். மாத முடிவுவரை மூட்டை பிரிக்க வேண்டும், அதோடு கணக்கு முடிந்தது. நெட்டை மட்டும், "பாவம்டி" என்றாள். "பாவமா? நான் இல்லேன்னா யாரு மண்டை உடைஞ்சிருக்குமோ" என்றாள் அகராதி.

அழுக்குப் பக்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? படிவத்தில் இருந்தது எப்படியோ அவர்கள் காதுக்குப் போய், அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் கத்துவான்: "ஏ தகராறு! இங்க வாய்யா, இடம் போட்டு வெச்சிருக்கு!" அவர் உடனே எழுந்து, நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்து, வாயெல்லாம் பல்லாக அந்த மேசைக்குப் போவார். இன்னொருவன் முதுகில் தட்டி, "தகராறு தங்கமான ஆளு!" என்பான். அவர் இன்னும் மலர்ந்து சிரிப்பார். அகராதி தூரத்து மேசையிலிருந்து அதைப் பார்த்தாள். வெட்கங்கெட்ட மனுஷன், திட்டினால்கூட உறைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, மேலே உடற்பயிற்சிச் சிகிச்சை அறைக்குத் துண்டுகள் கொண்டுபோக ஆள் இல்லை. அகராதியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அறையில் ஒரு கட்டில், கட்டிலில் முழங்காலில் கட்டோடு ஒரு முதியவர், பக்கத்தில் சிகிச்சை தருகிற பெண். மூலையில் நாற்காலியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சளி பிடித்த மொழிபெயர்ப்பாளர்.

"காலை மடக்கச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். முதியவர் முக்கி முனகி மடக்கினார், நீட்டினார்.

"இன்னொரு தடவை."

"தக்ரார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

முதியவர் மடக்கினார், நீட்டினார்.

"இன்னொரு தடவை."

"தக்ரார்."

மடக்கினார், நீட்டினார்.

அகராதி துண்டு அடுக்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அந்த அறையில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. யார் குரலும் உயரவில்லை. ஒரு கிழவர் பொறுமையாகக் காலை மடக்கிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் சலிப்பில்லாமல் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார். அதே விரல்.

துண்டுகளை அலமாரியில் வைக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்ததும் பின்னாலேயே போனாள்.

"சார், ஒரு சந்தேகம். இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே..."

"எது? தக்ராரா? மறுபடி செய், திருப்பிச் சொல்லுன்னு அர்த்தம். அரபிச் சொல்லு, பாரசீகக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. அங்கே பள்ளிக்கூடத்துப் பக்கம் போனா நாள் பூரா அதுதான் காதுல விழும். வாத்தியார் ஒரு வரி சொல்லுவாரு, தக்ரார்ம்பாரு, பசங்க கோரஸா சொல்லும்." கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். "வேடிக்கை என்ன தெரியுமா? நம்ம 'தகராறு' இருக்கே, அதே சொல்லுதான். வர்ற வழியில அர்த்தம் கெட்டுப்போச்சு. ஒரே விஷயத்தைப் பத்து வாட்டி சொன்னா பதினோராவது வாட்டி சண்டைதானே? என் வீட்டுல தினம் நடக்குது." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "ஏம்மா, எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்" என்றாள்.

மின்தூக்கிக்குள் கதவு சாத்திய பிறகுதான் முகம் பற்றி எரிந்தது. அவர் என்ன கேட்டிருக்கிறார்! இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். கற்றுக்கொள்கிற எவரும் கேட்கிற ஒன்று. மூன்று நாளும் நூறு தடவை கெஞ்சிக் கேட்டிருக்கிறார். கையை நீட்டித் துணியைப் பிடித்தது, கொஞ்சம் மெதுவாக என்பதற்கு. அதைவிடக் கேவலமானது, அந்தத் 'திரும்பத் திரும்ப'. அர்த்தம் அவள் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அவர்மேல் வீசியிருக்கிறாள். போதாக்குறைக்கு இப்போது 'சும்மா' என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வார்த்தையைத் தப்பாகக் கேட்டது ஒரு குற்றமில்லை என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தாள். யார் காதுக்கும் அப்படித்தான் விழும். ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தால் வந்திருக்கக்கூடிய மனிதரை வேண்டாம் என்றது காது இல்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது, "ஏங்க, எங்க வேலையில ஒருத்தி" என்று ஆரம்பித்தாள். யாரோ ஒருத்தி, யாரோ ஒரு புது ஆளின் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிக்கொடுத்துவிட்டாளாம். கணவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். பாதியில், "அந்த ஒருத்திக்கு அந்த பாஷை தெரியுமா?" என்றார்.

"தெரியும்னு நெனச்சா."

"நெனச்சாளா, சொன்னாளா?"

அவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். "சொன்னேன்" என்றாள்.

கேலி பண்ணுவார் என்று எதிர்பார்த்தாள். பண்ணியிருந்தால் தேவலை. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த ஆளு முன்னாடி அவங்க ஊர்ல என்ன வேலை பாத்தாரு?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் யார் யார் என்று கேட்டார். தெரியவில்லை. அவருடைய பாஷையில் நாற்பது சொல் தெரிந்து என்ன, அவரைப் பற்றி ஒரு சொல் தெரியவில்லை.

"மாசம் எப்ப முடியுது?" என்றார் கணவர்.

"வர்ற வெள்ளி."

"ம்."

அதோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் சூப்பர்வைசர் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். போவதற்கு ஒரு காரணம்தான் இருந்தது. திரும்புவதற்கு நிறைய இருந்தன. அவர் வேலையாக இருக்கிறார், உள்ளே ஆள் இருக்கிறது, வண்டி வந்துவிட்டது. புதன்கிழமை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்குப் புரியுதுன்னு சொன்னியே?"

"சொன்னேன் சார்."

"புரியலையா?"

"புரியல சார். புரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"இப்ப நான் என்ன பண்ண? படிவம் மேல போயாச்சு. அதைத் திருப்பணும்னா உன் கையெழுத்துல ஒரு கடிதம் வேணும். அது உன் கோப்புல ஏறும். தலைமை மடிப்பாளர் வேலைக்கு உன் பேரைத்தான் எழுதி வெச்சிருந்தேன், அதுவும் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

எழுதினாள். அப்பாவின் வளைவுகள் சரியாக வரவில்லை. 'தகராறு என்று நான் எழுதியது தவறு. அவர் இன்னொரு முறை காட்டும்படி கேட்டார். எனக்கு அவர் மொழி தெரியாது.' கடைசி வாக்கியத்தை எழுதத்தான் நேரம் பிடித்தது.

இந்தத் தடவை சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் போனை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் வந்தார், சளி இன்னும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் புதியவரும் வந்தார். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கழுத்துவரை பொத்தான் போட்டு. அகராதியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா, நான் மாத்திச் சொல்றேன்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை. எங்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்குச் சண்டை, வம்பு என்று அர்த்தம். நீங்கள் சண்டைக்கு வருகிறீர்கள் என்று எழுதிக்கொடுத்தேன். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படிச் செய்தேன். மன்னிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொன்னார். புதியவர் அமைதியாகக் கேட்டார். 'சண்டை' என்ற இடம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து, ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்தார்.

"என்ன சார் கேக்கறாரு?"

"அது வந்து..." மூக்கை உறிஞ்சினார். "இவரு அவங்க ஊர்ல ஒண்ணாம் வகுப்பு வாத்தியாராம், இருபத்திரண்டு வருஷம். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பாடமே நடத்துவாராம். இங்க கீழ வேலை செய்யறவங்க எல்லாரும் இவரை அந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடறாங்களாமே?"

மொழிபெயர்ப்பாளரே தொடர்ந்தார்.

"அவங்களும் மறுபடி மறுபடின்னு சொல்றதா நெனச்சிருக்காரு. சலிக்காம வேலை பாக்கறாரேன்னு வெச்ச பேருன்னு. வீட்டுக்குக்கூடச் சொல்லி எழுதியிருக்காராம். இங்க எனக்கு நல்ல பேரு வெச்சிருக்காங்கன்னு. அதுவும் இதே அர்த்தம்தானான்னு கேக்கறாரு."

சூப்பர்வைசர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. ஒரு பொய் சொன்னால் போதும். இல்லை, அது நல்ல பேர்தான் என்று சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதே மாதிரி நாக்கு நுனிக்கு வந்த இன்னொன்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஆமான்னு சொல்லுங்க சார்" என்றாள். "நான் எழுதினதுலேர்ந்துதான் அவங்க வெச்சாங்கன்னும் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் மெல்லிய குரலில் சொன்னார். புதியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். அவர் தன் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்தில் கழித்த ஒவ்வொரு மத்தியானத்தையும் அவர் உள்ளுக்குள் திரும்ப எடுத்துப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது: யார் எப்படிக் கூப்பிட்டார்கள், தான் எப்படி எழுந்து போனோம், எப்படிச் சிரித்தோம். காது நுனி சிவந்தது. அவமானம் அவளுடையது, சிவந்தது அவர் காது. பிறகு நம் பாஷையிலேயே "சரி" என்றார். "நன்றி" என்றும் சொன்னார்.

படிவம் திரும்பி வந்தது. புதியவர் சுத்தப் பக்கம் வந்தார். மூன்று மாதம் முதலிலிருந்து தொடங்கும் என்றார்கள். தலைமை மடிப்பாளர் வேலை நெட்டைக்குப் போனது. அழுக்குப் பக்கத்துக்காரர்களிடம் அகராதியே போய் நடந்ததைச் சொன்னாள். அவர்கள், "அடடா, நாங்க ஆசையாத்தானேம்மா கூப்பிட்டோம்" என்று தலையைச் சொறிந்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள். அவர் சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, அகராதி தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

மடிப்பு மேசையில் இப்போது அவர் "காலி?" என்று கேட்பதில்லை, கூடைக்குள் எட்டிப் பார்த்துக்கொள்வார். "ஹாஸிர்?" இல்லை. அந்த இன்னொரு சொல் அறவே இல்லை. எந்தச் சொல் இந்த ஊரில் என்னவாக மாறுமோ என்று பயந்தவர்போல வாயைக் கட்டிக்கொண்டார். புரியாவிட்டாலும் கேட்பதில்லை.

ஒரு நாள் அகராதி ஓர் அங்கியை எடுத்து விரித்தாள். மெதுவாக, அசைவுக்கு அசைவு நிறுத்தி மடித்தாள். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை ஆள்காட்டி விரல் மேசையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. பாதியில் அவரே அதைக் கவனித்துவிட்டு, மடக்கிக்கொண்டார்.

அவள் மடித்த அங்கியைக் கழுத்தைப் பிடித்து உதறினாள். அது முழுசாக விரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள். திரும்ப உதறினாள்.

"ஏன்டி, ஒரே அங்கியை எத்தனை வாட்டி மடிப்ப?" என்றாள் நெட்டை, தலைமை மடிப்பாளர் குரலில்.

"மறந்துபோச்சுடி."

"அகராதிக்கேவா?"

அகராதி அங்கியை மூன்றாவது தடவையாக மேசையில் விரித்து, ஓரத்தை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.